பாதி தேஞ்ச சோப்பைக் காட்டுங்க

ஒரு கல்யாண ரிட்டர்ன் கிஃப்ட்ல கையால பண்ண சோப்பு ஒண்ணு வந்துச்சு. மேல ரோஜாப்பூ. இதழ் ஓரமெல்லாம் தங்கக் கலர் மைக்கா தடவி, சணல் கயிறு கட்டி, காஞ்ச பூ ரெண்டு ஒட்டி... பார்த்ததும் எனக்கு வயித்தெரிச்சல். (நானும் திருவண்ணாமலையில மொட்டைமாடி ரூம்ல சோப்பு போட்டு விக்கிறவதானே. தொழில் பொறாமை இல்லாம இருக்குமா?)

மொத குளியல்லயே தங்கம் மொத்தமும் தண்ணியோட போச்சு. அடுத்த ரெண்டு மூணு நாள்ல ரோஜாவும் காலி. மிச்சம், மொழுமொழுன்னு ஒரு வெள்ளைக் கட்டி.

பொறாமை போயி எரிச்சல் வந்துடுச்சு. அந்த எரிச்சல்தான் இந்தப் பதிவு.

என் கட்சி என்னன்னா, சோப்போட அழகுக்கு அது புதுசா இருக்கும்போது மார்க் போடவே கூடாது. பாதி தேஞ்சப்புறம் போடணும். சோப்புங்கிறது ஷோகேஸ் பொம்மை இல்ல. தினமும் எல்லாப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சமா கரையுற பொருள். அப்போ மேல என்ன இருக்குங்கிறது பெரிய கேள்வியே இல்ல. மேல இருக்கிறது உள்ள எவ்ளோ தூரம் போகுது? அதான் கேள்வி.

இதை மண்டையில ஏத்திக்கிட்டு யோசிச்சா, இன்ஸ்டாகிராம்ல ஓஹோன்னு ஓடுற பாதி டிசைன் ஃபெயில். ரொம்ப சாதாரணமா தெரியுற சிலது டிஸ்டிங்ஷன்ல பாஸ்!

மொதல்ல முத்திரை

சோப்பு மேல அச்சு குத்துறது இருக்கே, அது ரொம்பப் பழைய வித்தை. பாலஸ்தீனத்துல நாப்லுஸ், சிரியாவுல அலெப்போ. ரெண்டு ஊர்லயும் ஆலிவ் எண்ணெய் சோப்பைத் தரையில பாய் மாதிரி பரப்பி ஊத்தி, கட்டம் கட்டமா வெட்டி, ஒவ்வொண்ணு மேலயும் கையால முத்திரை குத்துவாங்க. 2024ல யுனெஸ்கோ ரெண்டையுமே கலாசாரப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்துச்சு.

முத்திரையும் குளிச்சா அழியத்தான் செய்யும். ஆனா அது யார் பண்ண சோப்புன்னு சொல்ல வந்தது. வாங்கினதுமே அதோட வேலை முடிஞ்சுது. முத்திரை வாங்குறவங்களுக்கு, டிசைன் குளிக்கிறவங்களுக்கு. ரெண்டையும் குழப்பிக்கக் கூடாது.

அலெப்போ சோப்புல எனக்குப் புடிச்சது வேற. மாசக்கணக்கா காத்துல காய வெக்கிறதால வெளிப்பக்கம் பழுப்பு ஏறிடும். உள்ள பச்சை அப்படியே இருக்கும். குளிக்கக் குளிக்கப் பழுப்பு கரைஞ்சு பச்சை எட்டிப் பார்க்கும். கலர் கலக்கல, கம்பி விட்டுச் சுழிக்கல. காத்து பண்ண டிசைன். என் பரீட்சையில அதுக்கு நூத்துக்கு நூறு.

(நம்ம ஊர்ல மட்டும் என்ன? 1969ல சென்னையில ரயில்வே டாக்டரா இருந்த வி.பி. சித்தன் ஆரம்பிச்ச மெடிமிக்ஸ், கைப்பக்குவத்துல பண்ண சோப்பாத்தான் பேர் வாங்குச்சு. டிசைன்னு ஒண்ணும் கிடையாது. பச்சைக் கட்டி, மேல பேரு. பேரு அழிஞ்சாலும் அந்தப் பச்சையும் வாசனையும் போதும், கண்ணை மூடிட்டு சொல்லிடலாம்.)

பட்டை

இப்போ என் சோதனைகளுக்கு வரேன்.

முதல்ல பட்டை சோப்பு. கோயில் மதில்ல காவியும் வெள்ளையும் மாத்தி மாத்தி அடிச்சிருப்பாங்களே, அதேதான். நீளப் பெட்டியில ஒரு கலர், அது கொஞ்சம் இறுகினதும் அடுத்த கலர், அதுக்கு மேல இன்னொண்ணு. மறுநாள் ரொட்டி கணக்கா துண்டு போட்டா, ஒவ்வொரு துண்டுலயும் பட்டை. பார்க்க எல்.கே.ஜி. பாடம் மாதிரி தெரியும். ஆனா அந்தப் பட்டை துண்டோட இந்த முகத்துல இருந்து அந்த முகம் வரைக்கும் ஓடுது. எவ்ளோ தேஞ்சாலும் நடுவுல பட்டை இருந்துட்டே இருக்கும். டிஸ்டிங்ஷன்!

சூட்சுமம் ரெண்டு.

ஒண்ணு, ரெண்டாவது கலரை நேரா ஊத்துனா கீழ இருக்கிறதை ஓட்டை போட்டுட்டுப் போயிடும். கரண்டியை மட்டத்துக்குப் பக்கத்துல சாய்ச்சுப் புடிச்சு, அது மேல வழிய விடணும்.

ரெண்டு, பட்டைக்கு நடுவுல மெல்லிசா கறுப்புக் கோடு வேணும்னா டீ வடிகட்டியில கரித்தூளைப் போட்டு, விரலால ஒரே ஒரு தட்டு தட்டணும். கீழ இருக்கிற கலர் இன்னும் லேசா தெரியுற அளவுக்குத் தூவுனா போதும். இன்னும் கொஞ்சம்னு ஆசைப்பட்டு தட்டுனா தூள் கனமாகி, மேல் பட்டையும் கீழ் பட்டையும் ஒட்டாது. குளிக்கும்போது சோப்பு ரெண்டா கழண்டு வரும். ஒண்ணு வாங்கினா ஒண்ணு ஃப்ரீன்னு சொல்லிச் சமாளிக்கலாம்தான்...

வெட்டுறதுலயும் ஒரு விஷயம் இருக்கு. கறுப்புக் கோடு போட்ட சோப்பை அப்படியே நிக்க வெச்சு மேல இருந்து வெட்டுனா, வெட்டுற கம்பி கரியை இழுத்துக்கிட்டு வந்து வெள்ளை முழுக்க ஈஷி விட்டுடும். சோப்பைப் படுக்க வெச்சு, கோடு செங்குத்தா நிக்கிற மாதிரி வெச்சு வெட்டணும். கம்பி அந்தந்தக் கலர்லயே ஆரம்பிச்சு அந்தந்தக் கலர்லயே முடியும். இதை எந்த வீடியோவும் எனக்குச் சொல்லித் தரல. வெள்ளை சோப்பு சாம்பலான கடுப்புல கண்டுபுடிச்சது.

எல்லாமே பதம்

வீடியோ பார்த்துட்டு "எனக்கு கை வராது"ன்னு சொல்றவங்க நிறைய பேர். கைக்கு அதுல ஒரு வேலையும் இல்லைங்க. டிசைனைத் தீர்மானிக்கிறது, ஊத்துற நேரத்துல கலவை எந்தப் பதத்துல இருக்குங்கிறதுதான்.

எண்ணெயில காஸ்டிக் சோடா கரைசலைக் கலந்து அடிச்சா ஒரு கட்டத்துல ரெண்டும் ஒண்ணாகிக் கெட்டியாக ஆரம்பிக்கும். சோப்பு பண்றவங்க இதை 'ட்ரேஸ்'னு சொல்வாங்க. கரண்டியில எடுத்து மேல ஒழுக விட்டா அந்தக் கோடு உடனே முங்கிடுச்சுன்னா இளம் பதம். லேசா நின்னு அப்புறம் முங்குனா நடுப் பதம். போட்ட கோடு போட்டபடி நின்னா, கெட்டி.

சுழி டிசைனுக்கு இளசுக்கும் நடுவுக்கும் இடையில, அரைச்சு ரெண்டு நாளான தோசை மாவை இன்னும் கொஞ்சம் தண்ணி விட்டுக் கரைச்சா எப்படியோ, அந்தப் பதம். ரொம்ப இளசா இருந்தா கலர் எல்லாம் ஒண்ணோடொண்ணு கரைஞ்சு ஒரே சாம்பல். கெட்டியா இருந்தா கம்பி போன இடமெல்லாம் பள்ளம்.

சரி, அந்தப் பதத்துலயே அதை எப்படிப் புடிச்சு நிறுத்தறது? எனக்குச் சரியா வந்ததைச் சொல்றேன்.

எண்ணெய்: தேங்காய் எண்ணெயும் விளக்கெண்ணெயும் கூடுனா சீக்கிரம் கெட்டியாகும். எங்க ஊர் மல்லாட்டை எண்ணெய் நிதானம். (வேர்க்கடலைதான். எங்க மாவட்டத்துல மல்லாட்டைன்னு சொன்னாத்தான் கடையில திரும்பிப் பார்ப்பாங்க.) அதுக்காக அதையே கொட்டிடக் கூடாது, சோப்பு மெத்துமெத்துன்னு ஆகும், சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். இன்னொண்ணு, எண்ணெயை மாத்துனா காஸ்டிக் சோடா அளவும் மாறணும். ஒரு கிலோ தேங்காய் எண்ணெய் முழுசா சோப்பாக சுமார் 183 கிராம் வேணும். மல்லாட்டைக்கு 136 கிட்ட. கண்ணளவு, கையளவு எல்லாம் இங்க வேகாது. தராசு.

தண்ணி: கொஞ்சம் தாராளமா விட்டா நேரம் கிடைக்கும். மொத்தக் கரைசல்ல காஸ்டிக் சோடா 28ல இருந்து 30 சதவீதம் வர மாதிரி கலக்குனா சுழிக்க அவகாசம் உண்டு. பட்டை போடணும்னா சட்டுனு இறுகணும், அப்போ 33க்கு ஏத்திக்கலாம்.

வாசனை: இதுதான் வில்லன். கிராம்புத் தைலம் ஊத்துனா கண் முன்னாடியே கலவை இறுகும். இலவங்கப்பட்டைத் தைலமும் அதே கூட்டம்தான். மல்லி, ரோஜான்னு வர பூ வாசனை எண்ணெய்ங்க பலதும் அப்படியே. எலுமிச்சம்புல், யூகலிப்டஸ், லாவண்டர் எல்லாம் சாது. மல்லி வாசனையும் வேணும், மயில் டிசைனும் வேணும்னு கேக்குறவங்களுக்கு என்கிட்ட பதில் கிடையாது.

சூடு: சித்திரை மாசத்துல திருவண்ணாமலை மொட்டைமாடி ரூம் எப்படி இருக்கும்னு சொல்லத் தேவையில்ல. சூடு கூடக் கூட எல்லாமே அவசரம். அதனால வெயில் காலத்துல விடியறதுக்கு முன்னாடியே சோப்பு போட்டுடுவேன். மார்கழியில நேர் எதிர். தேங்காய் எண்ணெய் பாத்திரத்துலயே உறைஞ்சு, கலவை கெட்டியான மாதிரி நடிக்கும். நம்பி ஊத்துனா அடியில எண்ணெய் தனியா நிக்கும். எண்ணெயை லேசா சூடு பண்ணி முழுசா உருக்கிக்கணும்.

(இதுவரைக்கும் சோப்பே போடாதவங்களுக்கு: காஸ்டிக் சோடாவைத்தான் தண்ணியில போடணும், அது மேல தண்ணியை ஊத்தக் கூடாது. கண்ணாடி, கையுறை கட்டாயம். அலுமினியப் பாத்திரம் பக்கத்துலயே வரக் கூடாது, காஸ்டிக் சோடா அதை அரிச்சுடும். எவர்சில்வர் போதும். சின்னப் பசங்க தூங்குற நேரமா பாத்துப் பண்ணுங்க.)

சுழி

பதம் புடிபட்டாச்சுன்னா சுழிக்க ஆரம்பிக்கலாம்.

ஹேங்கர் ஸ்வர்ல்னு ஒண்ணு. துணி மாட்டுற ஹேங்கர் கம்பியைப் பெட்டியோட நீளத்துக்கு வளைச்சுக்கணும். கலர் எல்லாம் ஊத்தினப்புறம் ஒரு ஓரமா அடி வரைக்கும் இறக்கி, மேல கீழ சுழிச்சு சுழிச்சு அந்தப் பக்க ஓரத்துக்குக் கொண்டு போய்த் தூக்கிடணும். கம்பி முழு நீளத்துக்கும் ஒரே அசைவுல போறதால, சுழி பெட்டியோட இந்த முனையில இருந்து அந்த முனை வரைக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஓடும். துண்டு போட்டா எல்லாத்துலயும் சுழி, துண்டுக்குள்ளயும் சுழி. தேய்ச்சுக்கிட்டே போனா சுழி லேசா நகரும், நெளியும், ஆனா காணாமப் போகாது.

(கட்டுக்கம்பி வேண்டாம். துருப்புடிச்ச கறை சோப்புல ஏறும். பிளாஸ்டிக் உறை போட்ட ஹேங்கர் நல்லது.)

தைவான் ஸ்வர்ல் இன்னொரு தினுசு. பெட்டிக்குள்ள நீளவாக்குல அட்டைத் தடுப்பு வெச்சு, ஒவ்வொரு சந்துலயும் ஒரு கலரை ஊத்தி, தடுப்பை உருவிடணும். அப்புறம் ஒரு குச்சியை அடி வரைக்கும் விட்டு, இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு குறுக்க இழுத்துக்கிட்டே போகணும். இதுல வேடிக்கை என்னன்னா, வழக்கம் போல மேல இருந்து கீழ துண்டு போட்டா சும்மா கோடு கோடாத்தான் தெரியும். "இதுக்கா இவ்ளோ பாடு?"ன்னு தோணும். அதே கட்டியைப் படுக்கை வசமா பலகை பலகையா அறுத்தா, இறகு இறகா விரியும்!

ஒரே கட்டி. வெட்டுற திசை மாறுனா டிசைனே வேற. எனக்கு இந்தத் தொழில்ல பைத்தியம் புடிச்சதே இந்த இடத்துலதான்.

இனி மயில். பீகாக் ஸ்வர்ல். ரமணாசிரமத்துல சுத்துற மயில்களைப் பார்த்துட்டு வந்து இதைப் பண்ணாம இருக்க முடியுமா? அகலமான தட்டுப் பெட்டியில வெள்ளையை ஊத்தி, சாஸ் பாட்டில்ல கலரை ரொப்பி நெருக்கமா கோடு போட்டு, சீப்பால ஒருக்கா குறுக்க இழுத்து, அப்புறம் அகலப் பல்லு சீப்பை நெளிச்சு நெளிச்சு இழுக்கணும். துருக்கியில தண்ணி மேல கலர் மிதக்க விட்டுத் தாள்ல எடுக்கிற எப்ரு கலை இருக்கே, அந்த வழி வந்தது.

சீப்பு கடையில கிடைக்கல. விளக்கமாத்து ஈர்க்குச்சியை அளவா நறுக்கி, ரெண்டு அட்டைக்கு நடுவுல சம இடைவெளி விட்டு ஒட்டிக்கிட்டேன். அருமையா வேலை செய்யுது. ரெண்டாவது தடவை குச்சி காரத்துல ஊறி வளையும். போனா போகட்டும், விளக்கமாத்துல குச்சிக்கா பஞ்சம்?

வந்த மயில்தோகையைப் பார்த்து நானே கொஞ்ச நேரம் வாயடைச்சுப் போயிட்டேன்.

ஆனா... சீப்புப் பல்லு மேலாப்ல மட்டும்தான் போச்சு. தோகை மொத்தமும் மேல் தோல்ல. என் பரீட்சையில மயில் ஃபெயில். மனசே கேக்கல. கோடு போடும்போதே பாட்டிலை உயரத்துல புடிச்சு, கலர் ஆழமா இறங்குற மாதிரி ஊத்தி, சீப்பையும் அடி வரைக்கும் விட்டுப் பார்த்தேன். தோகை கொஞ்சம் முரடாச்சு, ஆனா உள்ள போச்சு. பாஸ் மார்க். கருணை மார்க்னு சொல்றவங்க சொல்லிக்கோங்க.

எந்தக் கலர் தாங்கும்?

டிசைன் உள்ள வரைக்கும் போயி என்ன, கலரே நிக்கலன்னா?

செம்பருத்தி, பீட்ரூட் ரெண்டும் கலக்கும்போது கண்ணைப் பறிக்கும். காஸ்டிக் சோடா பட்டதும் பழுப்பு. சங்குப்பூ நீலம் டீயில நல்லாயிருக்கும், சோப்புல அந்த நீலம் நிக்காது.

மஞ்சள்தூள் காரத்துல சிவக்கும். ஆரத்தித் தட்டுல மஞ்சளும் சுண்ணாம்பும் கரைச்சவங்களுக்கு இதைப் பாடம் எடுக்க வேண்டியதில்ல. சோப்பு காயக் காய அந்தச் சிவப்பு இறங்கி ஆரஞ்சுல வந்து நிக்கும். வெளிச்சம் பட்டா மேல வெளுக்கும். ஆனா உள்ள இருக்கிற மஞ்சளுக்கு வெளிச்சம் படலையே! ரெண்டு குளியலுக்கு அப்புறம் வாங்கினப்போ இருந்ததை விட நல்ல கலர் வரும். அலெப்போ கட்சி. வெல்டன் மஞ்சள்.

நீலத்துக்கு அவுரி. திண்டிவனம் பக்கம் விளையுற சரக்குதான். சாயத்துக்கு எடுக்கிற நீலத்தை வாங்கணும். தலைக்குப் போடுற அவுரி இலைப் பொடியைப் போட்டா பச்சையும் பழுப்புமா ஏதோ ஒண்ணுதான் வரும்.

கறுப்புக்கு கொட்டாங்குச்சிக் கரி. அசையாது. காவிக்கு இரும்பு ஆக்ஸைடு. அதுவும் அசையாது. கோலத்துக்கு வாங்குற காவிக்கல்லை அரைச்சுப் போடலாமான்னு கேக்காதீங்க. அதுல வேற என்னென்ன கலந்திருக்கும்னு தெரியாது, தோலையும் பிராண்டும். அழகுசாதனத்துக்குன்னு சுத்தம் பண்ணி விக்கிறதையே வாங்குங்க.

மலை சோப்பு

எனக்கு ரொம்ப நாளா ஒரு ஆசை. சோப்புக்குள்ள ஒரு உருவம். நீளமான ஒரு முக்கோணக் கட்டியை முதல்ல தனியா பண்ணி, அதைப் பெட்டிக்குள்ள வெச்சு, சுத்தி வேற கலர் ஊத்துனா, துண்டு போடுற ஒவ்வொண்ணுலயும் அந்த முக்கோணம் இருக்கும். கடைசி சில்லு வரைக்கும் இருக்கும். என் கொள்கைக்கு இதை விட விசுவாசமான டிசைன் கிடையாது.

எங்க ஊர்ல முக்கோணம்னா வேற என்ன? மலைதான். கரி போட்டு மலை. உச்சியில ஆரஞ்சுல பொட்டு அளவுக்கு ஒரு தீபம். சுத்தி அவுரி நீல வானம். அறுத்துப் பார்த்தா, சத்தியமா, நான் பண்ணதுலயே அதான் அழகு.

அம்மா கையில குடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க.

"ஏண்டி, அண்ணாமலையாரையா எடுத்து அக்குள்ல தேய்க்கச் சொல்ற?"

அவ்ளோதான். கதை முடிஞ்சுது.

மலையவே லிங்கமா கும்பிட்டு, 14 கிலோமீட்டர் செருப்பில்லாம சுத்துற ஊர் இது. இங்க அது வெறும் முக்கோணம் இல்ல. வாதாடிப் பார்த்தேன், அம்மா அசையல. கடைசியில ஒரு சமரசம்.

"மயிலு வேணா போட்டுக்கோ. பக்கத்துல வேலு கீலு வெச்சிடாத."

இப்போ மலையைத் தலைகீழா கவுத்துட்டேன். நீலத்துக்குள்ள கறுப்பு முக்கோணம், கீழ ஆரஞ்சுப் பொட்டு. கோன் ஐஸ்னு சொல்லி விக்கிறேன். பசங்களுக்கு ரொம்பப் புடிச்சிருக்கு. (அம்மா அதையும் ஒருக்கா தலைகீழா திருப்பிப் பார்த்துட்டு என்னை முறைச்சாங்க.)

சரி, என்கிட்ட சோப்பு வாங்குறவங்களுக்கு ஒரு விண்ணப்பம். புது சோப்பைப் பூந்தொட்டி பக்கத்துல வெச்சு எடுத்த போட்டோ போதும், எக்கச்சக்கமா வந்தாச்சு. "குளிக்க மனசு வரல அக்கா, அலமாரியில வெச்சிருக்கேன்"னு சொல்றதும் பாராட்டு இல்ல. நாலுல இருந்து ஆறு வாரம் காய வெச்சு அனுப்புறது அலமாரிக்கா?

குளிங்க. பாதி தேயட்டும். ஓரமெல்லாம் மழுங்கி, நுரை ஒட்டிக்கிட்டு, முடி ஒண்ணு சுத்திக்கிட்டு இருந்தாலும் பரவாயில்ல, அப்படியே ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. பட்டையும் சுழியும் அதுல தெரிஞ்சா நான் பாஸ். தெரியலன்னா அடுத்த சோப்பு இலவசம்.

ரோஜாப்பூ சோப்புக்காரங்க யாராச்சும் இந்தப் பந்தயத்துக்கு வரீங்களா?